பலர் கூடிக் கட்டிய பள்ளிக்கூடம்

ஆஸ்திரேலியா மிகப் பெரிய நாடு. நம் இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் அங்கே வாழும் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர்தான். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கடற்கரை நகரங்களில் வாழ்கிறார்கள். நாட்டின் உட்பகுதி பாலைவனம். சிவப்பு மண், முள் புதர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டவெளி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் இருப்பதும் உண்டு.

அந்த வீடுகளிலும் குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பள்ளிக்குப் போவது?

வானொலியில் வகுப்பு

முதலில் அங்கே வந்தது மருத்துவ வசதிதான். 1928-ஆம் ஆண்டில் 'பறக்கும் மருத்துவர்' சேவை தொடங்கியது. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவர் சிறிய விமானத்தில் போவார். ஆனால் நோயாளி எங்கே இருக்கிறார் என்று மருத்துவருக்கு யார் சொல்வது? தொலைபேசி இல்லை. மின்சாரமும் இல்லை.

ஆல்பிரட் டிரேகர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். காலால் மிதித்து ஓட்டும் வானொலிக் கருவி ஒன்றைச் செய்தார். தையல் மிஷினை மிதிப்பது போல மிதிக்க வேண்டும். அந்த மிதியில் மின்சாரம் பிறக்கும். அதில் பேசினால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கேட்கும். இந்தக் கருவி பாலைவன வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. பெரியவர்கள் மருத்துவரிடம் பேசினார்கள். குழந்தைகளும் அதில் பேசப் பழகிக்கொண்டார்கள்.

இதை ஒருவர் கவனித்தார். அவர் பெயர் அடிலெய்ட் மீத்கி. பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்த பெண்மணி. மருத்துவரிடம் பேசும் கருவியில் ஆசிரியரும் பேசலாமே என்று அவருக்குத் தோன்றியது. அவர் முயற்சியால் 1951-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கியது.

ஆசிரியை ஊரில் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவார். எங்கெங்கோ இருக்கும் குழந்தைகள் வானொலி முன் உட்கார்ந்து கேட்பார்கள். கேள்வி கேட்டால் பொத்தானை அழுத்திப் பதில் சொல்வார்கள். கரகர என்று சத்தம் வரும். பாதிப் பேச்சு காற்றில் போய்விடும். ஆனாலும் ஒருவர் சொல்லும் பதிலை மற்ற எல்லாக் குழந்தைகளும் கேட்கலாம். ஒரே வகுப்பில் இருக்கிறோம் என்ற எண்ணம் அதனால் வந்தது. எழுத வேண்டிய பாடங்கள் தபாலில் வரும், விமானத்தில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் அம்மாதான்.

இப்படிப்பட்ட பள்ளிகள் ஆஸ்திரேலியாவின் வேறு பகுதிகளிலும் வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் வளர்ந்த ஒரு சிறுவனும் இப்படித்தான் பாடம் படித்தான். அவன் பெயர் மார்ட்டின் டூகியாமாஸ்.

பூட்டிய பெட்டி

மார்ட்டின் வளர்ந்து பெரியவரானார். கம்ப்யூட்டர் படித்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரிய நகரம் பெர்த். அங்குள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது 1990-களின் காலம். இணையம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. இணையம் வழியாகப் பாடம் நடத்தலாம் என்று பல்கலைக்கழகங்கள் நினைத்தன.

அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். கம்ப்யூட்டர் ஓர் இயந்திரம். அதைத் தொட்டுப் பார்க்கலாம். அது என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள்தான் மென்பொருள். அதைத் தொட முடியாது, எழுதத்தான் முடியும். செல்போனில் பேச, படம் பார்க்க, பணம் அனுப்ப என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதுபோலப் பாடம் நடத்தவும் ஒன்று வேண்டும்.

கர்ட்டின் பல்கலைக்கழகம் 'வெப்சிடி' என்ற மென்பொருளை வாங்கியிருந்தது. அது கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பிறகு ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் மார்ட்டினின் வேலை. ஆசிரியர்கள் குறைகளை அவரிடம் வந்து சொல்வார்கள். அவருக்கும் அந்த மென்பொருள் பிடிக்கவில்லை. ஆனால் அவரால் அதைத் திருத்த முடியாது. கட்டளைகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று திறந்து பார்க்கவே முடியாது. அவை நிறுவனத்தின் ரகசியம். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர், குறை எங்கே என்று தெரிந்த ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

சாம்பார் பொடி

இதைப் புரிந்துகொள்ள நம் அடுக்களைக்கே போகலாம்.

கடையில் சாம்பார் பொடி பாக்கெட் வாங்குகிறோம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். எதை எவ்வளவு போட்டார்கள், எதை எவ்வளவு நேரம் வறுத்தார்கள் என்று எழுதியிருக்காது. வீட்டில் வயதானவருக்குக் காரம் ஆகாது என்றால் என்ன செய்வது? பாக்கெட்டில் இருக்கும் மிளகாயை மட்டும் பிரித்து எடுக்க முடியுமா?

வீட்டில் செய்கிற பொடி அப்படி இல்லை. மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, துவரம்பருப்பு ஒரு கை, வெந்தயம் கொஞ்சம் என்று பக்குவம் தெரியும். காரம் வேண்டாம் என்றால் மிளகாயைக் குறைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் பக்குவத்தைச் சொல்லலாம். அவர் அதில் மிளகு சேர்த்து, அது நன்றாக இருந்தால், நமக்கும் வந்து சொல்வார்.

மென்பொருளுக்கும் இப்படி ஒரு பக்குவம் உண்டு. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய கட்டளைகள் அவை. அதை 'மூலம்' என்கிறார்கள். மூலத்தை மறைத்து விற்றால் அது பாக்கெட் பொடி. மூலத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தால் அது 'திறந்த மூல மென்பொருள்'.

இந்த எண்ணத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-ஆம் ஆண்டில் அவர் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். 1989-ஆம் ஆண்டில் அதற்கு ஓர் உரிம விதியும் எழுதினார். யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலத்தையும் சேர்த்து, இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு பூட்டிவிடக் கூடாது. இந்த நிபந்தனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். அது இல்லை என்றால் ஊர் கூடி வெட்டிய கிணற்றுக்கு ஒருவர் வேலி போட்டுவிடலாம்.

மூடுல் பிறந்தது

மார்ட்டின் தாமே ஒரு மென்பொருள் எழுத முடிவு செய்தார். ஒரே முயற்சியில் அது வந்துவிடவில்லை. எழுதினார், பிடிக்கவில்லை, தூக்கிப் போட்டார். மறுபடி எழுதினார். இப்படிப் பல முறை நடந்தது. கடைசியில் 2002-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் முதல் பதிப்பை உலகத்துக்குக் கொடுத்தார். ஸ்டால்மன் எழுதிய அதே உரிம விதியின் கீழ் கொடுத்தார்.

அதற்கு அவர் வைத்த பெயர் 'மூடுல்'. ஐந்தாறு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. முதல் எழுத்து தொடக்கத்தில் மார்ட்டின் என்ற அவர் பெயரையே குறித்தது. பிறகு அதை மாற்றிவிட்டார். பலரும் வந்து சேர்ந்த பிறகு தன் பெயர் எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பொருளும் உண்டு. மனம் போன போக்கில் ஒன்றை நோண்டி நோண்டிப் பார்ப்பது. குழந்தைகள் அப்படித்தான் பலவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.

மூடுலில் என்ன செய்யலாம்? ஆசிரியர் பாடத்தை அதில் வைக்கலாம். எழுத்தாக வைக்கலாம், படமாக வைக்கலாம், பேசியும் வைக்கலாம். மாணவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது திறந்து படிக்கலாம். வீட்டுப்பாடம் எழுதி அனுப்பலாம். தேர்வு வைக்கலாம். கம்ப்யூட்டரே மதிப்பெண் போடும். இவை மற்ற மென்பொருள்களிலும் இருந்தன.

மார்ட்டின் அழுத்தம் கொடுத்தது வேறு ஒன்றுக்கு. மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் இடத்துக்கு. ஒருவர் சந்தேகம் கேட்பார். ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. தெரிந்த இன்னொரு மாணவர் சொல்லலாம். மாணவர்கள் கூடி ஒரு சொல் அகராதியே எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லலாம்.

இதற்குப் பின்னால் ஒரு கல்விக் கருத்து இருக்கிறது. சீமோர் பாப்பர்ட் என்ற அறிஞர் அதைப் பரப்பியவர்களில் ஒருவர். காதில் ஊற்றினால் அறிவு நிரம்பிவிடாது என்பார்கள் இவர்கள். பிறர் பார்க்கும்படி ஒன்றைச் செய்யும்போதுதான் மனிதர் நன்றாகக் கற்கிறார். அது ஒரு கூடையாக இருக்கலாம், கோலமாக இருக்கலாம், நாலு வரிக் கடிதமாக இருக்கலாம். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நமக்கே பாடம் தெளிவாவதை எத்தனையோ பேர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

குழு என்பது யார்?

முதலில் மார்ட்டின் ஒருவர்தான் எழுதினார். ஆனால் மூடுலை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பக்கம் திறக்கவில்லை" என்று ஒருவர் எழுதினார். "அதைச் சரி செய்துவிட்டேன், இதோ" என்று வேறு நாட்டிலிருந்து இன்னொருவர் அனுப்பினார். இப்படியே குழு வளர்ந்தது. ஆஸ்திரேலியா, ஸ்பெயின், இங்கிலாந்து, செக் நாடு, அமெரிக்கா என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

வேலை நடக்கும் முறை இதுதான். குறைகளை எழுதும் பொதுப் பேரேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் குறை எழுதலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தெரிந்தவர் ஒருவர் அதைச் சரி செய்கிறார். சரி செய்ததை உடனே சேர்த்துவிடுவதில்லை. இன்னொருவர் படித்துப் பார்க்கிறார். பிறகு பொறுப்பாளர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாக வந்தவற்றைச் சேர்த்து, ஓட்டிச் சோதித்துப் பார்க்கிறார்கள். எதை மாற்றினார், எப்போது மாற்றினார் என்பது மாற்றியவரின் பெயரோடு பதிவாகிறது. யாரும் மறைவாக எதையும் செய்துவிட முடியாது. இப்படிச் சேர்ந்தவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பாக வெளியிடுகிறார்கள்.

எல்லோரும் கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் அல்ல. ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்தும் முறையை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்தவரின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு சின்ன வேலை அல்ல. மூடுல் நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. அதில் தமிழும் ஒன்று. ஒரு பொத்தானில் இரண்டு சொல் இருக்கும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நீளமாகச் சொன்னால் பொத்தானில் அடங்காது. சுருக்கிச் சொன்னால் புரியாது. அரபு மொழி வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. அதற்குப் பக்கத்தையே திருப்பிப் போட வேண்டும். ஸ்பெயின் நாட்டு ஸ்பானிய மொழியும் மெக்சிகோ நாட்டு ஸ்பானிய மொழியும் ஒன்றுபோல இருந்தாலும் சொற்கள் மாறும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பு இருக்கிறது. யாராவது லாபக் கணக்குப் பார்த்திருந்தால் சில ஆயிரம் பேர் பேசும் மொழிக்கு இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள். அந்தந்த மொழிக்காரரே வந்து செய்ததால்தான் இது முடிந்தது.

2005-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூடுலைத் தேர்ந்தெடுத்தது. வேலை பார்த்துக்கொண்டே தொலைவிலிருந்து படிக்கும் பெரியவர்களுக்கான பல்கலைக்கழகம் அது. அதன் ஊழியர்கள் மூடுலின் தேர்வுப் பகுதியைச் செம்மைப்படுத்தினார்கள். அந்தத் திருத்தம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. எல்லா நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி. முதல் பல கல்லூரிகள் மூடுலைப் பயன்படுத்துகின்றன.

மஞ்சளுக்கு வந்த வழக்கு, மென்பொருளுக்கும் வந்தது

நம் நாட்டில் காயம் பட்டால் மஞ்சள் வைப்போம். பாட்டிக்குப் பாட்டி காலத்து வைத்தியம் அது. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இதற்குக் 'காப்புரிமை' வாங்கிவிட்டது. காப்புரிமை என்றால் என்ன? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அவர் அனுமதி இல்லாமல் பிறர் அதைச் செய்யக் கூடாது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பது புதிய கண்டுபிடிப்பா? இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து மனு போட்டது. பழைய நூல்களையும் இதழ்களையும் சான்றாகக் காட்டியது. 1997-ஆம் ஆண்டில் அந்தக் காப்புரிமை ரத்தானது.

ஒன்பது ஆண்டு கழித்து இதே போன்ற சிக்கல் இணையக் கல்விக்கு வந்தது.

'பிளாக்போர்டு' என்பது அமெரிக்காவில் கல்வி மென்பொருள் விற்ற பெரிய நிறுவனம். முன்பு சொன்ன வெப்சிடியை 2006-ஆம் ஆண்டில் அதுவே வாங்கிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் அதற்கு ஒரு காப்புரிமையும் கிடைத்தது. எதற்கு? இணையவழிக் கல்வியில் ஒரே ஆள் ஒரு வகுப்பில் ஆசிரியராகவும் மற்றொரு வகுப்பில் மாணவராகவும் ஒரே பெயரில் நுழையலாம் என்ற ஏற்பாடு அதில் முக்கியமானது.

நம் ஊரில் தையல் சொல்லித்தரும் அக்கா மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போய் உட்காருவார். காலையில் அவர் ஆசிரியை, மாலையில் மாணவி. இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கம்ப்யூட்டரில் இதைச் செய்தால் மட்டும் கண்டுபிடிப்பு ஆகிவிடுமா?

ஜூலை மாதம் பிளாக்போர்டு ஒரு கனடா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. உலகம் முழுவதும் கல்வி மென்பொருள் எழுதியவர்கள் திடுக்கிட்டார்கள். மூடுலில் யாரும் எந்த வகுப்பிலும் ஆசிரியராகவோ மாணவராகவோ இருக்கலாம். நாளை மூடுல் மேலும் வழக்கு வரலாம். பெரிய நிறுவனத்திடம் வக்கீல்கள் இருந்தார்கள். மூடுலிடம் அப்படிப் பணம் இல்லை. வழக்கில் தோற்றால் நட்டம் மார்ட்டினுக்கு மட்டும் இல்லை. மூடுலை நம்பிப் பாடம் நடத்திய பள்ளிகள் எல்லாம் தவிக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் செய்தது மஞ்சள் வழக்கில் நம்மவர்கள் செய்ததுதான். பழைய சான்றுகளைத் தேடினார்கள். கம்ப்யூட்டரில் பாடம் நடத்த யார் எந்த ஆண்டு என்ன செய்தார் என்று பலர் சேர்ந்து தேடினார்கள். 1960-களிலிருந்து நடந்தவற்றை விக்கிப்பீடியா என்ற பொதுக் கலைக்களஞ்சியத்தில் எழுதி வைத்தார்கள். பழைய கையேடுகள், பழைய கட்டுரைகள் எல்லாம் வெளியே வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் சட்ட உதவி அமைப்பு ஒன்று, மூடுல் உள்ளிட்ட மூன்று திறந்த மூலக் குழுக்களுக்காக, காப்புரிமையை மறுபடி ஆராயச் சொல்லி மனு கொடுத்தது.

2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிளாக்போர்டு ஓர் உறுதி கொடுத்தது. திறந்த மூல மென்பொருள்கள் மேல் இந்தக் காப்புரிமையைக் காட்டி வழக்குப் போட மாட்டோம் என்றது. ஆனால் கனடா நிறுவனத்தை விடவில்லை. 2008-இல் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த விசாரணையில் பிளாக்போர்டு ஜெயித்தது. சுமார் 31 லட்சம் டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது தலைகீழானது. வழக்கில் இருந்த காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்று 2009-ஆம் ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

இலவசமாகக் கொடுத்தால் சோற்றுக்கு என்ன செய்வது? இது நியாயமான கேள்வி.

பெர்த் நகரில் மூடுலின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. மூடுல் இலவசம். ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பார்த்துக்கொண்டு, பழுது வந்தால் சரி செய்து தர ஆள் வேண்டும். பல கல்லூரிகளுக்கு அந்த ஆள் இல்லை. இந்த வேலையைக் கூலிக்குச் செய்யும் நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. மூடுலின் 'பங்காளிகள்' என்று பெயர் போட்டுக்கொள்ள அவற்றுக்கு அனுமதி உண்டு. வரும் பணத்தில் ஒரு பங்கை அவை தலைமைக் குழுவுக்குத் தருகின்றன. அரிசி இலவசம், சமைத்துத் தருவதற்குக் கூலி என்பது போல.

இந்த ஏற்பாட்டிலும் சங்கடம் வந்தது. 2012-ஆம் ஆண்டில் பங்காளிகளில் பெரிய நிறுவனங்கள் இரண்டை பிளாக்போர்டே விலைக்கு வாங்கியது. பழைய வழக்கை மறக்காதவர்கள் பதறினார்கள். மூடுலை யாரும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது என்று மார்ட்டின் விளக்கினார். மூலம் எல்லோர் கையிலும் இருக்கும்போது எதை வாங்கிப் பூட்டுவது? 2018-ஆம் ஆண்டில் அந்தப் பங்காளி உறவு முடிந்தது. இதற்கு நடுவே, 2017-இல், பிரான்ஸ் நாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று மூடுலில் 60 லட்சம் டாலர் போட்டது. பெரிய பணம் வந்தால் பெரிய பணத்தின் பேச்சையும் கேட்க வேண்டிவருமோ என்ற கவலை இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் உண்டு. மூடுலின் மூலம் இன்றும் திறந்தே இருக்கிறது.

கையில் காசு இல்லாத ஊருக்கு

மூடுலில் குறைகளும் உண்டு. அதில் பொத்தான்கள் அதிகம். புதிதாக வருபவர் எதை அழுத்துவது என்று திணறுவார். நன்றாக அமைத்துக் கொடுக்க அனுபவம் வேண்டும். இலவசம் என்றாலும் அது இருக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், மின்சாரம் வேண்டும். மாணவர் கையில் செல்போனும் அதில் டேட்டாவும் வேண்டும்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. உலகம் முழுவதும் மூடுலைத் தேடி வந்தவர்கள் பெருகினார்கள். அந்த நேரத்தில்தான் இந்தக் குறையும் வெளிச்சத்துக்கு வந்தது. நம் நாட்டில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தது, பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். சிக்னல் தேடி மாணவர்கள் மொட்டை மாடிக்கும் மரத்துக்கும் ஏறினார்கள். மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குறையை அதனால் மட்டும் தீர்க்க முடியவில்லை.

ஓரளவுக்கு வழிகள் உண்டு. மூடுலுக்குச் செல்போன் செயலி இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத வீட்டில் படிக்கலாம்.

சுவிட்சர்லாந்து நாட்டு ஆசிரியர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். உள்ளங்கையில் அடங்கும் சிறிய, விலை குறைந்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில் மூடுலை ஏற்றினார். அந்தப் பெட்டி தானே வைஃபை கொடுக்கும். வகுப்பில் இருப்பவர்கள் தங்கள் போனை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். வெளி இணையமே தேவையில்லை. பாடம், தேர்வு, பேச்சு எல்லாம் அந்த அறைக்குள்ளேயே நடக்கும். இதைச் செய்ய அவர் பெர்த் நகருக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூலம் திறந்திருந்தது. எடுத்தார், செய்தார். செய்த முறையையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்.

ஆஸ்திரேலியாவின் வான்வழிப் பள்ளிகளில் இப்போது கரகர வானொலி இல்லை. செயற்கைக்கோள் வழியாக இணையம் வருகிறது. பாலைவனத்துக் குழந்தை திரையில் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லிக் கொடுப்பவர் இன்றும் பெரும்பாலும் அம்மாதான்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் பலர் கூடிச் செய்து, பலரும் பயன்படுத்தும் பொருள் எது? அதை யார் பழுது பார்க்கிறார்கள்? அதற்கு யாராவது வேலி போட முயன்றது உண்டா? உங்களிடம் ஒருவர் கேட்டுக் கற்றுக்கொண்டது எது? அதைச் சொல்லிக் கொடுக்கும்போது உங்களுக்குப் புதிதாக என்ன தெரிந்தது? நாலு வரி எழுதிப் படித்துக் காட்டுங்கள்.